கொடிமலைக்கு வந்த மாப்பிள்ளை

நேற்று சாயங்காலம் கடற்கரையில் வைத்து அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தாள் சாய்ப்ரியா. குறையவில்லை. காலையில் ஓட்டல் சாப்பாட்டு மேஜைக்கு வந்த அம்மாவின் கண்கள் சிவந்து கிடந்ததைப் பார்த்தபோது, சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

"இனி அவரோட ஊட்டுக்கு நான் திரும்பிப் போறதா இல்லம்மா." கணவனைப் பற்றி இவ்வளவுதான் அவள் சொன்னது.

அம்மா ராமாமணி ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாளைக்கு உங்க நைனாவுக்குப் பொறந்தநாளு. அது நல்லபடியா முடியட்டும். மாசி மாசத்துலதான் நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சுட்டு எந்திரிச்சு வந்திருக்கறாரு. அவரு காதுக்கு இப்ப எதுவும் போக வேண்டாம் கண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள்.

அந்தப் பிறந்தநாள் இன்று.

பினாங்குத் தீவின் நடுவே நிற்கிற கொடிமலையின் அடிவாரத்தில், கயிறு இழுத்து ஏற்றும் மலை ரயிலுக்கு வரிசையில் நின்றார்கள் நான்கு பேரும். அறுபத்தைந்து வயது முடிந்த அப்பா வெங்கடபதி, பூப்போட்ட புதுச்சட்டையும் இடுப்பில் கட்டிய பையுமாக, பேத்தி பூஜிதாவைவிட உற்சாகமாக இருந்தார். துடியலூரில் பம்ப்செட்டுக்கு வார்ப்படம் செய்கிற பவுண்டரி, அதை விட்டால் வீடு என்று வாழ்நாளை ஓட்டிய மனிதர். கடல் தாண்டி வந்தது இதுதான் முதல் தடவை. நால்வரின் பாஸ்போர்ட்டும் அந்த இடுப்புப் பைக்குள்தான். யாரிடமும் கொடுக்க மாட்டார்.

"நம்ம மேட்டுப்பாளையம் ரயிலு ஊட்டி போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிரலாம் பாப்பா. இது அஞ்சே நிமிஷத்துல உச்சிக்குக் கொண்டுபோய் உட்டுருமாம்."

"கயிறு அந்துபோச்சுன்னா தாத்தா?" ஏழு வயதுப் பூஜிதாவுக்குக் கவலை.

"அதெல்லாம் அந்துபோகாது. இரும்புக் கயிறு. தாத்தா இரும்புலயே பொழங்குனவன், எனக்குத் தெரியாதா?"

ரயில் செங்குத்தாக ஏறியது. காது அடைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஊரும் கடலும் சரசரவென்று கீழே போய்க்கொண்டிருந்தன. பூஜிதா வாயைப் பிளந்து பார்த்தாள். ராமாமணி மட்டும் மகள் கையைப் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள். மலைக்குப் பயந்து பிடித்த பிடி இல்லை அது என்று சாய்ப்ரியாவுக்குத் தெரிந்தது.

உச்சியில் குளுகுளுவென்று காற்று. நெடுநெடுவென்று வளர்ந்த பெரணிகளுக்கு அடியில் நடைபாதை வளைந்து வளைந்து போனது. இரண்டு பக்கமும் ஆர்க்கிட் பூக்கள். இஞ்சி இனத்துச் செடியொன்று தீப்பந்தம் மாதிரி செக்கச்செவேலென்று பூத்து நின்றது. கிளையில் உட்கார்ந்திருந்த கருங்குரங்குக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம்.

"தாத்தா, அது கண்ணாடி போட்டிருக்குது!"

"வெள்ளெழுத்தா இருக்கும் போ."

எல்லோரும் சிரித்தார்கள். சாய்ப்ரியாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, பழக்கதோஷத்தில் சட்டென்று அண்ணாந்து நாலு பக்கமும் பார்த்தாள். பிறகுதான் ஞாபகம் வந்தது. இங்கே பார்க்க யாரும் இல்லை.

"ஏன் கண்ணு, உன் போனு ஆஃப்ல இருக்குதாமே? மாப்பிள்ளை ராத்திரி எனக்குக் கூப்பிட்டாரு" என்றார் வெங்கடபதி.

"சார்ஜ் தீந்துபோச்சுங்க நைனா."

"ரெண்டு தடவை கேட்டாரு, பாவம். பொண்டாட்டி மேல இத்தனை உசுரா இருக்கற மனுசனை நான் பாத்ததே இல்ல."

அவள் கணவன் சசிதர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கிளம்புவதற்கு முந்தின வாரம் துடியலூர் ஃபிளாட்டில் கேமராக்களை மாட்டினான். கூடத்தில், சமையலறையில், படுக்கையறையில், பால்கனியில் என்று ஒவ்வொன்று. வயர் இழுக்கப் பவுண்டரி எலக்ட்ரீஷியனை அனுப்பி வைத்ததே வெங்கடபதிதான். 'பொம்பளையும் கொழந்தையும் தனியா இருக்கறாங்கன்னு எத்தனை முன்யோசனை பாருங்க' என்று சொந்தபந்தத்திடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோனார்.

முதலில் சாய்ப்ரியாவுக்கும் அது அக்கறையாகத்தான் தெரிந்தது. அப்புறம் போன்கள் வர ஆரம்பித்தன. மத்தியானம் யாருக்குக் கதவைத் திறந்தே? எதிர் ஃபிளாட் அக்காகூட அத்தனை நேரம் என்ன பேச்சு? பால்கனியில நின்னு எதுக்குச் சிரிச்சே? கத்த மாட்டான். ஒரு கெட்ட வார்த்தை பேச மாட்டான். வாத்தியார் வீட்டுப்பாடம் கேட்கிற மாதிரி, பதில் வரும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருப்பான். ஒருநாள் கூடத்துக் கேமராமேல் துண்டைப் போட்டு மூடினாள். துண்டு நழுவி விழுவதற்குள் காங்கேயத்திலிருந்து மாமனார் கூப்பிட்டுவிட்டார், ஊட்ல என்னம்மா நடக்குது என்று.

நேற்று அம்மாவிடம் சொன்ன கையோடு போனை அணைத்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. அணைத்ததிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான். அவன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான்?

வெங்கடபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மீசைக்குள் சிரித்துக்கொண்டார். காலையிலிருந்தே இப்படித்தான்.

"ஏனுங்க, என்ன அடிக்கடி மணி பாத்துட்டு இருக்கறீங்க?" என்று கேட்டாள் ராமாமணி.

"இரு, இரு. பாப்பா, அங்க பாரு, யாரு வர்றாங்கன்னு!"

பூச்செடிகளுக்கு நடுவே, இளநீலச் சட்டையில், கையில் கேக் பெட்டியோடு சிரித்தபடி வந்துகொண்டிருந்தான் சசிதர்.

"டாடி!" பூஜிதா பறந்தாள். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தூக்கிச் சுற்றினான். ஆறு மாதம் கழித்துப் பார்க்கிற அப்பா. குழந்தை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"எப்படி நம்ம ஏற்பாடு?" வெங்கடபதிக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் பொறந்தநாளுக்கு உங்களுக்கெல்லாம் நான் குடுக்கற பரிசு!"

சாய்ப்ரியா ஓரடி பின்வாங்கினாள். ராமாமணி முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். "வாங்க மாப்பிள்ளை" என்றாள்.

சசிதர் மாமனார் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அத்தைக்குக் கும்பிடு போட்டான். அப்புறம் மனைவி பக்கத்தில் வந்து நின்று, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், முகத்தில் சிரிப்பு மாறாமல் கேட்டான்.

"போன் என்னாச்சு?"

"சார்ஜ் இல்லீங்க."

"பீச்ல இருக்கறப்ப பாதிக்கு மேல இருந்துச்சே சாய்."

அவன் பதிலுக்காகக் காத்து நின்றான்.

தோட்டத்துக்குள்ளேயே ஒரு மரத்தடி டீக்கடை. பலகை மேஜையில் கேக்கை வைத்தார்கள். கத்தி கொண்டுவந்து கொடுத்த கடைக்காரப் பெண் இந்த ஊர்த் தமிழச்சி. "ஐயாவுக்குப் பொறந்தநாளா? நல்லா இருக்கணும்" என்று வாழ்த்தினாள். வெங்கடபதி மெழுகுவத்தியை ஊதினார். பூஜிதா கைதட்டினாள். படம் எடுக்கும்போது சசிதர் சாய்ப்ரியாவின் தோளில் கை போட்டான். படத்தில் பார்க்கிறவர்களுக்கு அழகான குடும்பமாகத்தான் தெரியும்.

கேக் வாயில் இருக்கும்போதே சசிதர் பேச்சை எடுத்தான்.

"அத்தை, மாமாகிட்ட ஏற்கெனவே பேசிட்டேனுங்க. பாப்பாவை இன்னிக்கு எங்கூட சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போறேன். ஸ்கூல் லீவுதான. சாயங்கால ஃப்ளைட்டு. வர்றப்ப அந்த வழியா வந்ததுனால விசாவும் இருக்குது."

சாய்ப்ரியா தட்டைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்ட கேக்கவே இல்லீங்களே?"

"போன் எடுத்தாத்தான கேக்க முடியும்?"

"அட, பத்து நாளு அப்பன்கூட இருந்துட்டு வரட்டுமே" என்றார் வெங்கடபதி. "நீயும் கொஞ்சம் ஓய்வா இருப்பே."

"பத்து நாள்னு இல்லீங்க மாமா. அங்க ஒரு ஸ்கூல்ல பேசி வெச்சிருக்கறேன். புடிச்சிருந்தா அப்படியே சேர்த்துரலாம். சாய் ஊட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு நிதானமா வரட்டும்."

வெங்கடபதியின் புருவம் லேசாக ஏறி இறங்கியது. இது அவருக்கும் புதுசு. ஆனாலும் மாப்பிள்ளை பேசும்போது குறுக்கே பேசிப் பழக்கமில்லை அவருக்கு.

"டாடி, நிஜமாவா? நான் வரட்டுமா?" பூஜிதா குதித்தாள்.

ராமாமணி எழுந்தாள். "சாய், கை கழுவிட்டு வரலாம் வா" என்று மகளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கேட்டாள்.

"நேத்து நான் கேக்கலை. இப்பக் கேக்கறேன். அந்தப் பையன் உன்னை என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணலைம்மா. பாத்துட்டே இருக்கறாரு. அவ்வளவுதான். ரெண்டு வருசமா, காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும். பாப்பா போயிட்டா, அப்புறம் அவளைக் காட்டியே என்னைக் கூப்பிட்டுக்குவாரும்மா. நான் போயே ஆகணும்."

ராமாமணி முந்தானையால் அவள் கையைத் துடைத்துவிட்டாள். துடைத்து முடித்த பிறகும் விடவில்லை.

"நைனாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"அவருக்கு நெஞ்சு..."

"தெரியும். ராத்திரியெல்லாம் அதையேதான் நெனச்சுட்டு இருந்தேன். அவரு நெஞ்சுக்குப் பயந்து கொழந்தையை அனுப்பிப்போட்டு, அப்புறம் நாம ரெண்டு பேரும் எந்த மூஞ்சியை வெச்சுட்டு அவருக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கறது?"

சாய்ப்ரியா தண்ணீரை நிறுத்தினாள். "நானே சொல்றேம்மா."

மேஜைக்குத் திரும்பும்போது சசிதர் கையை நீட்டிக்கொண்டிருந்தான். "பாப்பா பாஸ்போர்ட்டைக் குடுங்க மாமா. அப்புறம் ரயில்ல கூட்டம் ஆயிரும்."

வெங்கடபதி இடுப்புப் பையின் ஜிப்பில் கை வைத்திருந்தார்.

"குடுக்காதீங்க நைனா."

அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள்.

"நான் துடியலூர் ஊட்டுக்குத் திரும்பிப் போகப்போறதில்லீங்க நைனா. இவரோட வாழப்போறதில்லை. பாப்பாவை அனுப்ப மாட்டேன்."

சொல்லிவிட்டு அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வலது கையைத்தான் பார்த்தாள். அது நெஞ்சுப் பக்கம் போகிறதா என்று.

சசிதர் மெதுவாகச் சிரித்தான். "டென்ஷன்ல இருக்கறாங்க மாமா. தனியா இருந்து இருந்து இப்படி ஆயிருச்சு. நான் பாத்துக்கறேன்."

"இருங்க மாப்பிள்ளை." வெங்கடபதி மகளைப் பார்த்தார். "அத்தை, நீ பாப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் கொரங்கைக் காட்டு" என்றார் ராமாமணியிடம். பதற்றத்தில் மனைவியை முறை மாற்றிக் கூப்பிட்டது அவருக்கே தெரியவில்லை. ராமாமணி பூஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு தள்ளிப் போய் நின்றாள். அதற்குமேல் நகரவில்லை.

"அடிச்சாரா கண்ணு?"

"இல்லீங்க நைனா."

"குடிக்கறாரா?"

"இல்லீங்க."

"வேற... வேற எதாவது பொம்பளை சகவாசம்?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்புறம் என்னதான் சாமி?" அவர் குரல் உடைந்தது. நல்லபடியாக ஒரு காரணத்தைச் சொல்லேன், நானும் புரிந்துகொள்கிறேனே என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

இந்த இடத்துக்குத்தான் அவள் இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தாள். சொல்கிற மாதிரி ஒரு பெயர் இல்லாத கஷ்டம். யாரிடம் சொன்னாலும், இவ்வளவுதானா என்று கேட்பார்கள்.

"நான் அழறதுக்குக் கூட பாத்ரூமுக்குத்தானுங்க நைனா போகணும். அந்த ஊட்ல அங்க மட்டுந்தான் கேமரா இல்லை. போய்க் கதவைச் சாத்திட்டு, கொழாயைத் திறந்து உட்டுட்டு, தரையில உக்காந்துக்குவேன்."

வெங்கடபதி மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

சசிதர் முந்திக்கொண்டான். முதல் தடவையாக அவன் குரலில் பொறுமை கழன்றது. "முக்கால் மணி நேரம் உள்ள உக்காந்திருந்தா நான் என்னன்னு நெனைக்கறது? புதன்கிழமை ஒருக்கா, மறுபடி வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு தடவையும் உள்ள போனதுல இருந்து நான் வாட்ச்சைப் பாத்துட்டு உக்காந்திருக்கறேன் மாமா. அங்க எனக்கு வேலையே ஓடறதில்லை. அத்தனை அக்கறை எந்தப் புருசனுக்கு இருக்கும், சொல்லுங்க?"

மரத்துக்கு மேலே குரங்குகள் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவின. இலைகள் உதிர்ந்து கேக்மேல் விழுந்தன. யாரும் எடுத்துப் போடவில்லை.

வெங்கடபதி பையின் ஜிப்பை இழுத்தார். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. விடாமல் இழுத்து மூடினார்.

"பாப்பா எங்ககூடவே வரட்டுங்க மாப்பிள்ளை."

"மாமா, அது என் கொழந்தை."

"ஆமாங்க, உங்க கொழந்தைதான். ஊருக்கு வாங்க. பெரியவங்களை வெச்சுப் பேசலாம். எனக்கு இன்னும் பாதி புரியலை. ஆனா எம் பொண்ணு பாத்ரூம்ல போய் உக்காந்து அழுதிருக்கறா. நீங்க வாட்ச்சைப் பாத்துட்டு இருந்திருக்கறீங்க. இந்த ரெண்டும் எனக்குப் புரிஞ்சுதுங்க."

சசிதரின் பழைய சிரிப்பு திரும்பி வந்து உதட்டில் உட்கார்ந்தது. "சரிங்க மாமா" என்றான். நேராகப் பூஜிதாவிடம் போய்க் குனிந்து அவள் தலையை வருடினான்.

"டாடி உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் தங்கம் வந்தேன். மம்மிதான் வேண்டாங்கறாங்க. மம்மிகிட்டயே கேளு."

அவன் நடைபாதை வளைவில் மறைகிறவரை குழந்தை அசையாமல் நின்றாள். மறைந்ததும் வீறிட்டு அழுதாள். சாய்ப்ரியா தூக்கப் போனபோது இரண்டு கையாலும் தள்ளிவிட்டாள். "நீ வேண்டாம். போ. உன்னாலதான்." அம்மம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.

அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தாள் சாய்ப்ரியா. மகளிடம் என்ன சொல்வது என்று அவள் யோசித்ததே இல்லை.

"ஏனுங்க, மாத்திரை வேணுங்களா?" என்று கேட்டாள் ராமாமணி, ஒரு கையால் பேத்தியை அணைத்தபடி.

"வேண்டாம். எனக்கு ஒண்ணும் ஆகலை." வெங்கடபதி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணும் ஆகலைன்னு சொல்றேனல்ல, ரெண்டு பேரும் எம் மூஞ்சியையே பாக்காதீங்க."

மலைமேலேயே ஒரு முருகன் கோயில் இருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கும்பிடாமல் போவதா என்று ராமாமணி பேத்தியை உள்ளே அழைத்துக்கொண்டு போனாள். அப்பாவும் மகளும் வெளியே ஒரு கட்டையில் உட்கார்ந்தார்கள். மேகம் இறங்கி வந்து, கீழே தெரிந்த ஊரை மூடிவிட்டிருந்தது.

"மொதல்லயே ஏன் கண்ணு எங்கிட்டச் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க நைனா?"

வெங்கடபதி நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"பொறுத்துப் போன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார் கடைசியில்.

அவர் எழும்போது, எப்போதும் இல்லாத வழக்கமாக, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

இறங்குகிற ரயிலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். ஏறினால் உள்ளே நெரிசல். சாய்ப்ரியாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. பூஜிதாவை மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தை மடியில் இருந்தாளே தவிர, முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டாள். பசிக்கிறதா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டியதற்கும் பதில் இல்லை.

பாதி மலை இறங்கியபோது வெங்கடபதியின் போன் அடித்தது. காங்கேயத்துச் சம்பந்தி அரங்கசாமி. எண்ணெய் மில் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசியே பழகிய குரல். காதில் வைத்தாலும் பெட்டி முழுக்கக் கேட்கும்.

"என்னங்க சம்பந்தி, பொறந்தநாளு நல்லபடியா முடிஞ்சுதுங்களா? சசி எல்லாம் சொன்னானுங்க. நாங்க இப்பத் துடியலூர்லதான் நிக்கறோம். ஃபிளாட்டுக்குப் பூட்டு மாத்திட்டு இருக்கறோமுங்க. அவன் பேர்ல இருக்கற ஊடு, பாருங்க. உங்க பொண்ணு வந்து, எம் பையன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுச்சுன்னா, சாவியை நானே கொண்டாந்து கையில குடுத்துர்றேன்."

ராமாமணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சாய்ப்ரியாவின் கண் மறுபடி அப்பாவின் கைமேல் போய் நின்றது.

வெங்கடபதி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். சம்பந்தியிடம் இத்தனை வருஷத்தில் குரல் உயர்த்திப் பேசியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"நல்லா மாத்திக்குங்க சம்பந்தி. கெட்டியான பூட்டாவே போடுங்க. எம் பொண்ணு இனி அந்தக் கதவுகிட்ட வந்து நிக்க மாட்டா."

போனை வைத்துவிட்டார். ராமாமணி கணவனை, புது மனிதரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். சாய்ப்ரியாவுக்கு இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது.

அப்போதுதான் பூஜிதா திரும்பினாள்.

"மம்மி, நம்ம ஊட்டுப் பூட்டை மாத்தறாங்களா?"

"ம்."

"அப்ப லவ் பேர்ட்ஸ்?"

சாய்ப்ரியாவுக்குச் சுருக்கென்றது. பால்கனிக் கூண்டில் பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று. போன பிறந்தநாளுக்குத் தாத்தா வாங்கிக் கொடுத்தது. எதிர் ஃபிளாட் சாஜிதா அக்காவிடம் ஒரு சாவி கொடுத்து, தினமும் காலையில் தினையும் தண்ணீரும் வைக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். நாளைக் காலையில் அந்தச் சாவி சேராது.

"யாரு மம்மி தண்ணி வைப்பாங்க? வெய்யிலு அடிக்குமே. செத்துப்போயிருமே மம்மி!"

மத்தியானத்திலிருந்து மகள் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. கண்ணில் நீர் முட்ட, அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

ரயில் அடிவாரத்தில் வந்து நின்றது. கதவு திறந்தது. சனங்கள் இடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

"அழாத கண்ணு" என்றாள் சாய்ப்ரியா. "ஊருக்குப் போனதும் மம்மியே அந்த ஊட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்துர்றேன்."

வாசலுக்கு நகர்ந்துகொண்டிருந்த வெங்கடபதி அப்படியே நின்று, மகளைத் திரும்பிப் பார்த்தார்.